மஞ்சள் பிள்ளையாருக்கு அடியில் ஒரு வயர்ப் பை

புது கிராபிக்ஸ் கார்டின் இரண்டு விசிறிகளும் ஒன்றாகச் சுழன்றன. சத்தம் என்று சொல்ல முடியாது. முறத்தில் மெல்லப் புடைக்கும்போது முகத்தில் படுமே, அந்த அளவுக்கு ஒரு காற்று.

அப்பாவின் பழைய கைலியைத் தரையில் விரித்து, அதன்மேல் கம்ப்யூட்டரைப் படுக்க வைத்திருந்தேன். பக்கத் தகடு கழற்றிக் கிடந்தது. மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீடு முழுக்கச் சந்தனம், கதம்பம், பொரி, சுண்டல் தாளித்த வாசனை. அன்று சரஸ்வதி பூசை. வீட்டில் நான் மட்டும்தான்.

விசிறி சுழன்றதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கும்போது வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை நான். அன்று சிரித்தேன்.

அப்புறம் 'டிக்' என்று ஒரு சத்தம். நகம் முறிகிற மாதிரி. அதன் பின்னால் வேறொரு வாசனை வந்தது. சந்தனத்துக்கும் பூவுக்கும் நடுவில் புகுந்து வந்தது. கருகிய பிளாஸ்டிக்கும் கெட்ட மீனும் சேர்ந்த வாசனை.

இந்தத் தொடரில் இத்தனை வாரமாக மற்றவர்கள் எனக்குச் செய்ததைத்தான் எழுதியிருக்கிறேன். கடைசி பெஞ்சில் உட்கார வைத்தவர்கள், என் இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்தவர்கள், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சிவில்?" என்று கேட்டவர்கள். எழுத எழுத எனக்குப் பெருமையாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வாரம் அப்படி இல்லை. இது நான் செய்தது.

ஸ்டூலாக வேண்டியது

கோவில்பத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் வீட்டுப் பிளான் வரைகிறேன். டிப்ளமோ சிவில். எங்கள் ஊர் சுரக்குடி. அப்பா அடுத்தவர் டிராக்டரை ஓட்டுகிறார். அம்மா நடவுக்குப் போகிறாள். அப்பா மூன்றாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்கிறார். அம்மாவும் பார்த்திருக்கிறாள், வெளியிலிருந்து.

ஆபீஸைப் புதுசாக அடுக்கியபோது மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப்பை இன்ஜினியர் சார் எனக்குக் கொடுத்தார். "எடுத்துக்கிட்டுப் போம்மா. ஓடலைன்னா ஸ்டூலா போட்டு ஏறிப் பரண்ல சாமான் எடுக்கலாம்" என்றார். ஆபீஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன்.

அது ஓடியது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுத்தேன். அதில்தான் நானாக முப்பரிமாண வேலை கற்றுக்கொண்டேன். கோடாக இருக்கும் பிளானை நிமிர்த்தி, சுவர் எழுப்பி, வெயிலை உள்ளே விட்டு, இன்னும் கட்டாத ஒரு வீட்டுக்குள் நடந்து போகிற மாதிரி வீடியோ செய்கிற வேலை.

எட்டு மாதம் ஒரே வீட்டைக் கட்டினேன். இப்போது எங்கள் தகரக் கொட்டகை நிற்கிற அதே மனையில், அதே அளவில் ஒரு வீடு. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து எட்டிப் பார்ப்பாள்.

"அடுப்படி எங்கடி?"

"இந்தா, இதும்மா."

"சன்னலக் காணும்? பொகை எங்க போவும்?"

"காஸ் அடுப்பும்மா. பொகை வராது."

"வராட்டி என்ன? யாரு போறா யாரு வர்றான்னு நான் பாக்க வேணாமா?"

வாய்க்காலைப் பார்த்த மாதிரி ஒரு சன்னல் வைத்தேன். வெறும் சாம்பல் நிறச் சுவரில் ஒரு ஓட்டை. "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஓட்டையில் காலை வெயில் விழுவதை அவளுக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் சென்னையில் ஒரு கம்பெனி ஆள் தேடியது. கட்டி முடிக்காத அடுக்குமாடிகளை வீடியோவாகக் காட்டுகிறவர்கள். வீட்டில் இருந்தே வேலை செய்யலாம். நீங்களே செய்த இரண்டு நிமிட வீடியோ ஒன்றை விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குள் அனுப்புங்கள் என்றார்கள். பிடித்திருந்தால் வேலை. இன்ஜினியர் ஆபீஸில் நான் வரைவதெல்லாம் சாரின் முத்திரையோடு போகிறது. அங்கே என் பெயரோடு போகும்.

என் பழைய கம்ப்யூட்டரில் அந்த வீடியோவை ஓட்டி எடுக்கப் பதினொரு நாள் ஆகும் என்று காட்டியது. நல்ல கிராபிக்ஸ் கார்டு இருந்தால் ஒரு சாயங்காலம். ஆனால் அந்தக் கார்டுக்குப் பசி அதிகம். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பழைய எஸ்.எம்.பி.எஸ். பெட்டி அதற்குத் தாங்காது. ஆக இரண்டையும் மாற்ற வேண்டும்.

"பாப்பா"

அப்பாவின் பைக்கில் காரைக்காலுக்குப் போனோம். கடைக்காரருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருந்தால் அதிகம். என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்தார்.

"சொல்லுங்கண்ணே, என்ன வேணும்?"

அப்பா என் பக்கம் கையைக் காட்டினார். "அவதான் சொல்லணும். எனக்கு டீசல் வண்டிதான் தெரியும்."

என்ன கார்டு, எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ்., கார்டுக்குத் தனியாக வயர் இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்காரர் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கேம் வெளையாடவா பாப்பா?"

"இல்லைங்க. வேலைக்கு."

"யாரு, தம்பிக்கா?"

"எனக்குத் தம்பி இல்லைங்க."

பொருள் திருச்சியிலிருந்து வர வேண்டும் என்றார். வந்து சேர்ந்தது பூசைக்கு முந்தின நாள் சாயங்காலம். பெட்டிகளை அப்பா கையில் கொடுத்துவிட்டு, "மிஷினை இஞ்ச கொண்டாந்துடுங்கண்ணே, நானே மாட்டிக் குடுத்துடுறேன். கொழந்த கையில குடுத்துக் கெடுத்துக்காதீங்க" என்றார்.

அப்பா தயங்கினார். எங்கள் பக்கம் அப்பாக்கள் மகளை ஆயி என்றும் கூப்பிடுவார்கள். "என்னா ஆயி, குடுத்துடலாமா?"

"நானே மாட்டிக்குவேன்."

நான் படியிறங்கும்போது கடைக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "பாப்பா, அந்தப் பழைய வயர மட்டும்..." என்று ஆரம்பித்தார். நான் திரும்பவில்லை. பாப்பா என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று அன்றைக்கு ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன். பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு தாள்

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பாலிடெக்னிக்கில் சேர ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அம்மாவும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். தாள்களை அம்மா மஞ்சள் பையில் மடியோடு கட்டிக்கொண்டு வந்தாள். அங்கிருந்தவர் வாங்கிப் பார்த்தார், எழுதினார், முத்திரை குத்தினார், திருப்பிக் கொடுத்தார். நான் வாங்கிப் பையில் போட்டேன்.

வெளியே வந்ததும் அம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். பையிலிருந்து தாள்களை எடுத்தாள். கட்டை விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏழு குடுத்தோம். ஆறுதான் இருக்கு."

"எல்லாம் இருக்கும், வாம்மா. பஸ் போயிடும்."

"ஏழுடி. நடுவுல ஒன்னு மொடமொடன்னு இருந்துச்சு. ஓரத்துல எண்ணெக் கறை. அதக் காணும்."

அது என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல். அசல். உள்ளே ஒரு பதிவேட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தது. எடுத்துக் கொடுத்தவர், "படிச்ச பொண்ணு நீ, பாத்து வாங்க மாட்டியா?" என்று என்னைத்தான் கேட்டார்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தாள் தெரியும். கனம், மடிப்பு, கறை, எண்ணிக்கை எல்லாம் தெரியும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நாற்று முடியைக் கையில் பிடித்து, சேற்றில் பின்னால் நடந்துகொண்டே, பார்க்காமல் இரண்டும் மூன்றுமாகப் பிரித்து ஊன்றுகிற விரல் அது. அதில் எதுவும் ஒட்டிக்கொண்டு போகாது.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "இனிமே நாலு பேரு முன்னாடி எச்சி தொட்டு எண்ணாத. அசிங்கமா இருக்கு."

"சரிடி" என்றாள்.

மெத்தை

கார்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் கொண்டுவந்த சாயங்காலம், அம்மா வாசலிலேயே பெட்டிகளை வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்குப் பூசை. புதுச் சாமான். சாமிகிட்ட வச்சிட்டுத்தான் தொடணும்."

ஒரு ராத்திரிதானே என்று விட்டேன்.

மறுநாள் காலை, கோலம் போட்ட பலகையில் ஆறாம் வகுப்பிலிருந்து என் புத்தகங்கள், ஸ்கேல், அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் கதிர் அரிவாள். மேலே சரஸ்வதி படம். பெட்டிக்குள் இருந்தால் சாமி எப்படிப் பார்க்கும் என்று, அம்மா கார்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள். விசிறியில் வேண்டாம் என்று கெஞ்சியதால், ஓரத்தில் மட்டும் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு ஒரு கறுப்புத் துணிப் பை வந்திருந்தது. மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் வயர்கள் பெட்டியோடு ஒட்டியே வந்துவிட்டன. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகிற வயர்கள் மட்டும் கழற்றி மாட்டுகிற மாதிரி அந்தப் பையில் தனியாக இருந்தன. மெத்தென்று இருந்த அந்தப் பை அம்மாவுக்குப் பிடித்துப்போயிற்று. அதைப் பரப்பி, மேலே வெற்றிலை வைத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து உட்கார வைத்தாள். தலையில் அருகம்புல்.

"மெத்தையாட்டம் இருக்கு. நல்லா உக்காந்துக்கட்டும்."

படையல் முடிந்தது. நான் கையை நீட்டினேன். அம்மா தடுத்தாள். எங்கள் வீட்டில் பூசையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூசை ஆகிப் பிள்ளையாரை வடக்கே நகர்த்துகிறவரை தொடக் கூடாது. சின்ன வயதில் வருஷத்திலேயே எனக்குப் பிடித்த நாள் அது. யாரும் படிக்கச் சொல்ல மாட்டார்கள்.

"அம்மா, நாளைக்குக் காலையில அனுப்பணும். இன்னிக்கே ஓட விட்டாத்தான் முடியும்."

"ஒரு நா பொறுக்க மாட்டாங்களா ஒங் கம்பெனிக்காரங்க? அவங்க வீட்டுல பூசை இல்லையா?"

"அது அப்படி இல்லம்மா..."

"இந்தப் படிப்ப ஒனக்கு யாரு குடுத்தா? அவ குடுத்தா. அவளுக்கு ஒரு நாளு குடுக்க முடியாதா ஒன்னால?"

மத்தியானம் இரண்டு பேரும் டிராக்டர்காரர் வீட்டு ஆயுத பூசைக்குக் கிளம்பினார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து அப்பாதான் வண்டியை ஏற்ற வேண்டும். பொழுது சாயத்தான் வருவார்கள்.

பாதி தைரியம்

கதவைச் சாத்தினேன்.

கார்டை எடுத்தேன். பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸை எடுத்தேன். பிறகு பை. அதன்மேல் பிள்ளையார் இருந்தார். வெற்றிலை ஓரம் சுருள ஆரம்பித்திருந்தது. கையைக் கொண்டுபோனேன். எடுத்துவிட்டேன். திரும்பவும் கொண்டுபோனேன்.

நகர்த்தினால் உடைந்துவிடும், அம்மாவுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிக் காரணம். மீதிப் பாதி பயம். பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சாமி இல்லை பூதம் இல்லை என்று விவாதம் செய்து ஜெயித்தவள் நான். அரை விரல் உயர மஞ்சளைத் தொட முடியவில்லை.

கம்ப்யூட்டரில் இருந்த பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸும் டிஸ்க் வயர்களைக் கழற்றி மாட்டுகிற ரகம்தான். அந்த வயர்களை யாரோ போர்டுக்குப் பின்னால் அழகாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். பெட்டியை மட்டும் கழற்றினேன். வயர்கள் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். புதுப் பெட்டியைத் திருகி முடுக்கினேன். பழைய வயரின் முனையைப் புதுப் பெட்டியின் வாயில் வைத்து அழுத்தினேன். 'சக்' என்று உட்கார்ந்தது. அதற்காகவே செய்த மாதிரி பொருந்தியது.

ஸ்விட்சைப் போட்டேன். விசிறி சுழன்றது. நான் சிரித்தேன். மற்றதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வாய் எல்லாம் ஒரே அளவுதான். ஆனால் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் வரும் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறது. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிற்று. ஹார்ட் டிஸ்க் எரிந்தது. எட்டு மாத வீடு அதற்குள் இருந்தது. வேறெங்கும் பிரதி இல்லை. சுரக்குடியில் யார் எந்த விண்ணப்பம் கொண்டுவந்தாலும் "ரெண்டு செராக்ஸ் எடுத்து வச்சுக்குங்க" என்று சொல்கிறவள் நான்.

திரையில் கறுப்பில் வெள்ளை எழுத்து வந்தது. துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று. அந்தத் திரையில் அவ்வளவு துல்லியமான எழுத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. புதுக் கார்டு நன்றாக வேலை செய்தது.

எஸ்.எம்.பி.எஸ். வந்த காலி அட்டைப்பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்திலேயே சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள்: இந்தப் பையில் உள்ள வயர்களைத் தவிர வேறு வயர்களை மாட்டாதீர்கள். இங்கிலீஷில். எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

அம்மாவைப் போல முழுக்க நம்பியிருந்தால் அன்று எதையும் தொட்டிருக்க மாட்டேன். வீடு பிழைத்திருக்கும். முழுக்க நம்பாமல் இருந்திருந்தால் பிள்ளையாரை நகர்த்திப் பையை எடுத்திருப்பேன். அப்போதும் பிழைத்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றேன்.

"மாத்தி மாட்டிட்டியா?"

பொழுது சாய வந்தார்கள். அம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்தாள். பலகையில் இரண்டு இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள்.

"எடுத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"ஓடுச்சா?"

"இல்ல. எல்லாம் போச்சு."

"எல்லாம்னா?"

"வீடும்மா. நான் கட்டின வீடு."

அம்மா சுவரோரம் உட்கார்ந்தாள். "அந்த அடுப்படிச் சன்னலுமா?" என்றாள்.

அப்பா குனிந்து கம்ப்யூட்டருக்குள் முகர்ந்து பார்த்தார். "என்னா ஆயி, வயரு கியரு மாத்தி மாட்டிட்டியா? நானே ஒரு தரம் பேட்டரி வயர மாத்திப் போட்டு வண்டியில பொகைய விட்டிருக்கேன். மொதலாளி நாலு நாளு பேசல."

கோபமே இல்லாமல் கேட்டார். தன் தப்பை முதலில் போட்டுவிட்டுக் கேட்டார். அந்தக் கதவு வழியாக நான் நுழைந்திருக்கலாம்.

"நான் படிச்சதே இதுதாம்ப்பா. ஒரு வயரு மாட்டத் தெரியாதா எனக்கு?"

நான் படித்தது சிவில். "படிச்சதே இதுதான்" என்றதும் பொய்.

அப்பா நிமிர்ந்தார். "மிஷினுன்னா அப்படித்தான், போவும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா சரஸ்வதி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவதான். குடுத்தவளே எடுத்துக்கிட்டா."

நான் இல்லை என்று சொல்லவில்லை.

சாமி குற்றம் என்றால் அது பெரிய விஷயம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. வயரை மாற்றி மாட்டினேன் என்றால், பதினைந்து வருஷம் இரண்டு பேர் சேற்றிலும் டீசல் புகையிலும் நின்று படிக்க வைத்த பெண்ணுக்கு ஒரு காகிதத்தைப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் சாமியைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு: படித்தவள் தப்புச் செய்ய மாட்டாள். அந்தச் சாமியைக் காப்பாற்ற இந்தச் சாமியைப் பலி கொடுத்தேன்.

அம்பகரத்தூர் ரோடு

அம்மா வேண்டிக்கொண்டாள். அம்பகரத்தூர் அம்மன் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து வருகிறேன், என் பிள்ளை படிப்பில் கை வைக்காதே என்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். வாசலில் நான் செருப்பைக் கழற்றப் போனேன்.

"நீ போட்டுக்க. வேண்டுதல் என்னுது. நீ படிச்ச புள்ள, ஒனக்கு எதுக்கு?"

போட்டுக்கொண்டேன். பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாத ரோடு. திருநள்ளாறு தாண்டியதும் வெயில் ஏறிவிட்டது. தார் இளகி அம்மாவின் பாதத்தில் ஒட்டியது. நான் பக்கத்திலேயே நடந்தேன். என் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

இரண்டு பக்கமும் சம்பா நடவுக்குத் தண்ணீர் கட்டிக் கிடந்தது. அம்மா ஒரு வயலைக் காட்டி, "இது நாளைக்கு நடவு. நம்ம செட்டுத்தான் எறங்குது" என்றாள். "நீ வேலைக்குப் போயி நான் நிறுத்திடுவேன்னு எல்லாருகிட்டயும் சொல்லியிருந்தேன். சரி, இன்னும் ரெண்டு வருஷம் நட்டுட்டுப் போறேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். அடுத்த மைல்கல்லில் சொல்கிறேன் என்று நினைத்தேன். அடுத்த மைல்கல் வந்தது.

ஒரு மதகுக்குப் பக்கத்தில் உடைந்த பாட்டில் அவளது இடது குதிகாலில் ஏறியது. உட்கார்ந்து பிடுங்கிப் போட்டாள். முந்தானை ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள்.

"பஸ்ல போயிடலாம்மா."

"பாதியில ஏறுனா அது வேண்டுதலா?"

கோயிலில், "தப்பாப் போச்சுன்னு கும்புட்டுக்கடி" என்றாள். நான் கண்ணை மூடினேன். அம்மனிடம் வயரைப் பற்றிச் சொன்னேன். பை, பிள்ளையார், சிவப்புக் கட்டம், அப்பாவிடம் சொன்ன பொய் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். என் தோளை ஒட்டி நின்ற அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது அந்தப் புண் ஆறாதபோதுதான் தெரிந்தது. சேற்றில் கால் வைக்கவே கூடாது என்றார் டாக்டர். அந்தச் சம்பா முழுக்க அம்மா வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நடவுக்குப் போகிற பெண்கள் நின்று, "என்னாக்கா, மகாராணியாட்டம் உக்காந்துட்ட?" என்று கேலி செய்வார்கள். "புள்ள படிப்புக்கு நேந்து நடந்தது" என்பாள் அம்மா. குரலில் பெருமை இருக்கும். நான் உள்ளே நின்று கேட்பேன்.

இன்றைக்கும் இடது காலைச் சற்றுத் திருப்பி வைத்துத்தான் நடக்கிறாள்.

சென்னைக் கம்பெனிக்கு டிஸ்க் எரிந்துவிட்டது என்று எழுதினேன். அடுத்த முறை பார்க்கலாம் என்று ஒரு வரி வந்தது. "என்னம்மா, ஸ்டூலு ஆயிடுச்சா?" என்று கேட்டார் இன்ஜினியர் சார். பிறகு வேறு டிஸ்க் வாங்கிப் போட்டேன், பையில் இருந்த வயரால். கார்டு இன்றும் நன்றாக ஓடுகிறது. அடுத்தவர் வீட்டு மாடிப்படிகளை அதில் வரைகிறேன். அந்த வீட்டை மறுபடி கட்ட உட்காரவில்லை. அம்மா இரண்டு தரம் கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை.

படித்துக் காட்டியபோது

இந்தத் தொடரைக் கையால்தான் எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாரமும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். முதல் வாரத்திலிருந்து பழக்கம். மேலே உள்ளவரை எழுதி முடித்து, நேற்றுச் சாயங்காலம் படிக்க உட்கார்ந்தேன். அம்மா காலை நீட்டி, முறத்தில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

முதல் தாளில் "இது நான் செய்தது" என்ற வரியை விழுங்கிவிட்டேன். கடைக்காரர் பேசியதைக் கேட்டு, "வாயப் பாரு அவனுக்கு" என்றாள். ஏழு தாள் கதை வந்தபோது கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பிள்ளையார் மெத்தைக்குச் சிரித்தாள். "அதையுமா எழுதிட்ட?"

அடுத்து இருந்தது பாதி தைரியம். அதற்கு அடுத்தது அப்பா கேட்ட கேள்வி. தாள்களைச் சேர்த்துத் திருப்பினேன். அம்பகரத்தூர் ரோட்டிலிருந்து தொடர்ந்தேன். அம்மனிடம் சொன்னதையும் விட்டேன். குரல் பிசகவில்லை. எனக்கு நன்றாகப் படிக்க வரும்.

படித்து முடித்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"நடுவுல ரெண்டு தாளச் சேத்துத் திருப்புனியே, ஒட்டிக்கிச்சா?"

"ஆமாம்மா. ஒட்டிக்கிச்சு."

கையை நீட்டினாள். கொடுத்தேன். கீரைக் கறை படிந்த கட்டை விரலை நாக்கில் தொட்டாள். ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, இரண்டு தாளை மட்டும் தனியாக உருவினாள். என் மடியில் வைத்தாள்.

"இந்தா, பிரிச்சிட்டேன். படி."